மேப் காட்டினால் லாரி போகலாம் என்று யார் சொன்னது?

மறுபடியும் ஒரு லாரியைச் சத்தியமங்கலம் மலையடிவாரத்திலுள்ள பண்ணாரி செக்போஸ்டில் மடக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோவையில் லோடு ஏற்றி மைசூருக்குக் கிளம்பிய 12 சக்கர வண்டி. 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் பாதையில், 2022 உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அந்த வகை லாரிக்கு அனுமதியே இல்லை. டிரைவர் சொன்னது வழக்கமான பதில்தான்: "மேப் காட்டுச்சு சார்."

லாரிகளுக்கான வழித்தட மென்பொருளுக்குத் தரவு சரிபார்ப்பது என் வேலை. இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. மேப்பில் சாலை தெரிந்தால் அங்கே சாலை இருக்கிறது, அவ்வளவுதான். போனில் உள்ள வழக்கமான ஆப் கார், பைக், நடை என்றுதான் கேட்கும். நீங்கள் லாரியில் உட்கார்ந்திருந்தாலும் அதன் கணக்கில் ஓடுவது கார். எத்தனை சக்கரம், லோடோடு எத்தனை டன், தார்ப்பாய் கட்டிய பிறகு எவ்வளவு உயரம் என்று அது கேட்டதும் இல்லை, நீங்கள் சொன்னதும் இல்லை. பிறகு எப்படித் தெரியும்? அந்த நீலக் கோடு பர்மிட் அல்ல.

லாரிக்கென்றே உள்ள மென்பொருளில் உயரமும் எடையும் கொடுக்கலாம். அப்போதும் தடையை யாராவது தரவில் பதிந்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உயர வரம்பு, எடை வரம்பு, லாரித் தடை, நேரத் தடை எல்லாவற்றையும் சாலைத் துண்டுவாரியாகப் பதிய வழி இருக்கிறது. பதியாமல் விட்டால் மென்பொருள் அதைத் திறந்த சாலை என்றே எடுத்துக்கொள்ளும். பதிந்த நேரத் தடையைப் படிக்காமல் தாண்டும் மென்பொருளும் உண்டு.

எங்களுக்குப் பெரிய தலைவலி நீலகிரியின் கல்லட்டி மலைப்பாதை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கூடாது, உள்ளூர் வண்டிகள் இறங்கலாம். நம்பர் பிளேட்டையும் திசையையும் பொறுத்த தடை. பதிவெண்ணே கேட்காத ஆப் இதை எப்படிக் கணக்கில் எடுக்கும்?

ஓனர்களே, டிரைவருக்கு லொகேஷனை மட்டும் அனுப்பிவிட்டுக் கையைக் கழுவாதீர்கள். மலையோ காடோ குறுக்கே வந்தால், லோடு ஏற்றும் முன்பே அந்தப் பக்கம் ஓட்டிப் பழகியவரிடம் கேளுங்கள். கர்நாடகாவின் பந்திப்பூர் புலிகள் காப்பகச் சாலையில் 2009 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை தடை. கிளம்பும் நேரத்தை விடுங்கள், செக்போஸ்டை எட்டும் நேரத்தைப் பாருங்கள். சாலையோரப் பலகை ஒன்று சொல்லி மேப் வேறு சொன்னால் பலகையை நம்புங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். எங்காவது திருப்பி அனுப்பினால் ஆப்பில் புகார் பதியுங்கள். எந்த வகை வண்டி, எந்த நேரம், எந்தத் திசை என்று எழுதி, பலகையின் படத்தையும் சேருங்கள். வெறுமனே "ரோடு குளோஸ்" என்று போட்டால், போகக்கூடிய கார்களுக்கும் சேர்த்து அந்தச் சாலை மேப்பில் மூடப்பட்டுவிடலாம்.