ஆனிக்கு ஏன் 32 நாள்?

தினசரி காலண்டரில் தாள் கிழிக்கிறவர்கள் கவனித்திருப்பார்கள். ஜூலை நடுவில் ஒருநாள் 'ஆனி 31' வரும். சரி, நாளைக்கு ஆடி பிறந்துவிடும் என்று மறுநாள் கிழித்தால், பல வருஷங்களில் 'ஆனி 32' என்று நிற்கும். சின்ன வயதில் அது அச்சுப்பிழை என்றே நினைத்திருந்தேன். அதே காலண்டரில் மார்கழி பெரும்பாலும் 29 நாளிலேயே முடிந்துவிடும்.

இந்த நாள் கணக்கை யாரும் உட்கார்ந்து பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. சூரியன் ஒரு ராசியைக் கடக்க ஆகும் காலம்தான் ஒரு தமிழ் மாதம். வானத்தைச் சுற்றி 360 பாகை, 12 ராசி, ஆளுக்கு 30 பாகை. சூரியன் நகர்வதுபோலத் தெரிவது நாம் அதைச் சுற்றிவருவதால். ஆகவே பூமி தன் பாதையில் 30 பாகை சுற்ற எத்தனை நாள் எடுக்கிறதோ, அத்தனை நாள் மாதம். பாதை சரியான வட்டமாக இருந்திருந்தால் எல்லா மாதமும் ஏறக்குறைய 30.4 நாள் என்று ஒரே அளவில் இருந்திருக்கும்.

பாதை வட்டமில்லை, லேசான நீள்வட்டம். செவ்வாயின் போக்கை வருஷக்கணக்கில் கணக்குப் போட்டுப் பார்த்து, கோள்களின் பாதை இப்படித்தான் என்று ஜெர்மன் வானியலாளர் கெப்ளர் 1609இல் வெளியிட்டார். சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது கோள் வேகமெடுக்கும், விலகும்போது நிதானமாகும் என்பதும் அவர் கண்டதுதான்.

பூமி சூரியனை நெருங்குவது ஜனவரி 4 வாக்கில், அதாவது மார்கழி 20ஐ ஒட்டி. அப்போது தூரம் 14.71 கோடி கி.மீ., வேகம் வினாடிக்கு 30.29 கி.மீ. ரொம்ப விலகுவது ஜூலை 4 வாக்கில், ஆனி 20ஐ ஒட்டி. தூரம் 15.21 கோடி கி.மீ., வேகம் 29.29.

வேகத்தில் வித்தியாசம் நூற்றுக்கு மூன்றரைகூட இல்லை. மாத நீளத்தில் மட்டும் ஏன் இரண்டு நாள் இடிக்கிறது? ஆனியில் பூமி மெதுவாகப் போவது மட்டுமில்லை, போகவேண்டிய வழியும் நீளம். தூரத்தில் இருக்கும்போது அதே 30 பாகைக்கு 7.96 கோடி கி.மீ. ஓடவேண்டும். மார்கழியில் 7.70 கோடி போதும். வேகத்தால் வகுத்துப் பாருங்கள்: ஆனிக்கு 31.5 நாள், மார்கழிக்கு 29.4 நாள். காலண்டரில் அரை நாள் போடமுடியாது. அதனால்தான் சூரியன் ராசி மாறும் நேரத்தைப் பொறுத்து ஒரு வருஷம் 31, இன்னொரு வருஷம் 32.

இங்கே ஒரு கேள்வி வரும். சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் மார்கழியில் ஏன் பனி கொட்டுகிறது? பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால். நெருக்கத்தால் கிடைக்கும் கூடுதல் வெயில், ஜூலையோடு ஒப்பிட்டால், நூற்றுக்கு 7தான். மார்கழித் தொடக்கத்தில் சென்னையில் நடுப்பகலில்கூடச் சூரியன் 53 பாகை உயரத்தைத்தான் எட்டும். ஏப்ரல் 24 வாக்கில் நேர் உச்சியில் நின்று, நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இல்லாமல் செய்கிற அதே சூரியன்தான். சாய்ந்து விழும் ஒளி ஏறக்குறைய கால்பங்கு கூடுதல் நிலத்தில் பரவி நீர்த்துப்போகிறது. பகலும் குறுகல். இந்த இழப்புக்கு முன்னால் அந்த 7 எடுபடாது.

அந்த அச்சும் சும்மா இருப்பதில்லை. ஓயப்போகும் பம்பரம் தலையாட்டுவதுபோல ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 26,000 ஆண்டு. நம் மாதங்கள் நட்சத்திரங்களை வைத்து எண்ணப்படுகின்றன, பருவங்களோ அச்சின் சாய்வைப் பின்பற்றுகின்றன. இரண்டுக்கும் வருஷத்துக்கு 20 நிமிஷம் இடைவெளி விழுகிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இலேயே நடந்துவிட, தை முதல் நாளை உத்தராயணம் என்று நாம் கொண்டாடுவது இதனால்தான். இரண்டும் ஒரே நாளில் சேர்ந்திருந்தது சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு.

ஏறக்குறைய 71 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் இந்த விலகல் கூடிக்கொண்டே போகிறது. விவேகானந்தர் மகர சங்கராந்தி அன்று பிறந்தவர், தேதி 1863 ஜனவரி 12. இப்போது பொங்கல் 14 அல்லது 15இல் வருகிறது. 2100 லீப் வருஷம் இல்லை, பிப்ரவரி 29 வராததால் தேதி இன்னும் ஒன்று தள்ளிப்போகும்; அதற்கப்புறம் பெரும்பாலும் 16இல் பானை வைக்கவேண்டியிருக்கும்.