மரமேறக் கற்பவருக்கு முதல் உராய்வு முடிச்சு எது?

கயிற்றில் மரமேறக் கற்க வருபவர்கள் பலர் ஏதாவது ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். முதல் நாளே வால்டோட்டன், டிஸ்டல் என்று முடிச்சுகளின் பெயர் சொல்லிக் கேட்பார்கள். நான் பிளேக் முடிச்சில்தான் தொடங்க வைக்கிறேன்.

உராய்வு முடிச்சு ஏறுகயிற்றைச் சுற்றிப் போடுவது. எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும். எடை போனால் தளர்ந்து மேலே நகரும். எடை இருக்கும்போதே அதன் தலையில் கைவைத்து மெல்ல அழுத்தினால் வழுக்கும், அப்படித்தான் இறங்குகிறோம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு மாணவர் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். முடிச்சு சட்டென்று வழுக்கியது. பயத்தில் அந்த முடிச்சையே இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்திருந்தவரை அது இறுக வழியே இல்லை. நேராகத் தரைக்கு வந்துவிட்டார். முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. பத்து மீட்டரில் நடந்திருந்தால்? விழப்போகிறவர் கையில் கிடைத்ததைப் பற்றுவது இயல்பு. அதனால் வழுக்கியதும் கை தானாக விலகும்வரை, தரையை ஒட்டியே திரும்பத் திரும்பப் பழக்குகிறேன்.

ஆனால் கையை விட்டால் பிடித்துக்கொள்ள, முடிச்சு சரியாகப் போட்டிருக்க வேண்டுமே. பிளேக் முடிச்சைக் கண்ணாலேயே சரிபார்த்துவிடலாம். மேல்நோக்கி நான்கு சுற்று. அப்புறம் நுனியைக் கீழே கொண்டுவந்து, உங்களிடமிருந்து முடிச்சுக்குப் போகும் கயிற்றின் முன்னால் கடத்தி, ஏறுகயிற்றின் பின்னால் விட்டு, கீழிரண்டு சுற்றுகளுக்குள் நுழைத்து வெளியே எடுக்க வேண்டும். இரண்டு சுற்றுக்குப் பதில் ஒன்றுக்குள் மட்டும் வந்திருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி போடுங்கள். வெளியே வந்த மீதிக் கயிறுதான் வால்; அதன் நுனியில் தடுப்பு முடிச்சு இல்லாமல் ஒரு அடிகூட ஏறக் கூடாது. பிறகு சுற்றுகளை ஒழுங்காக அடுக்கி, இறுக்கி, தாழ்வாகத் தொங்கிப் பாருங்கள்.

டாட்லைன் என்ற முடிச்சு இதைவிடப் பழையது, எளிது. ஆனால் ஏற ஏற அதன் வால் உருண்டு உள்ளே போகும், அதனால் நான் கற்றுத்தருவதில்லை. ஆஸ்திரிய மலையேறி கார்ல் ப்ரூசிக் 1931-இல் வெளியிட்ட முடிச்சு இரண்டு திசையிலும் பிடிக்கும். ஆனால் எடை தாங்கிய பிறகு இறுகிப்போய் நகர மறுக்கும்.

வால்டோட்டன், டிஸ்டல் இரண்டும் வழவழவென்று ஓடும், உண்மைதான். அவற்றுக்கு இரு முனையிலும் கண்ணி வைத்த தனிக்கயிறு வேண்டும், கீழே ஒரு புல்லியும் வைப்பார்கள். எத்தனை சுற்று என்பது உங்கள் எடை, கயிற்றின் தடிமன், அது புதிதா பழசா, ஈரமா என்பதையெல்லாம் பொறுத்து மாறும். ஒரு சுற்று குறைந்தால் வழுக்கும், கூடினால் இறுகி நிற்கும். முடிச்சு என்ன சொல்கிறது என்று கைக்குப் புரிந்த பிறகு அவற்றுக்குப் போகலாம்.

இது எல்லாமே கிளைமேல் போட்ட கயிறு நம்மோடு ஓடும் முறைக்குத்தான். அதில் கயிற்றின் இரு பக்கமும் எடையைப் பகிர்வதால் முடிச்சுக்கு ஏறக்குறைய பாதி எடைதான் வரும். நிலையாகக் கட்டிய ஒற்றைக் கயிற்றில் முழு எடையும் விழும். வெறும் பிளேக்கை மட்டும் நம்பி அதில் இறங்காதீர்கள். பூட்டிக்கொள்ளும், அழுத்தித் திறந்தால் திடீரென்று ஓடும்.

கடைசியாக, இறங்கும்போது உராய்வில் வரும் சூடு. பாலியஸ்டர் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும். டைனீமா என்ற செயற்கை இழை 150-க்குள்ளேயே உருகிவிடும். அதனால் டைனீமா கயிற்றை உராய்வு முடிச்சுக்குப் பயன்படுத்தாதீர்கள். அராமிட் என்ற இழையால் உறை போட்ட கயிறு சூட்டை நன்றாகத் தாங்கும். எதுவானாலும் மெதுவாகவே இறங்குங்கள். பிளேக்கில் தேய்வதெல்லாம் ஒரே இடத்தில் விழும். இறங்கியதும் முடிச்சை அவிழ்த்து அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளத்து விறைப்பாக இருந்தால், அந்தப் பகுதியை அன்றே வெட்டி எறிந்துவிடுங்கள்.