கஜுவுக்குள் ஒளிந்திருக்கும் மாங்காய்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ-15 வீதியில், வாகரை, கதிரவெளிப் பக்கம் பங்குனி, சித்திரை மாதங்களில் போகிறவர்களுக்குக் கஜு மரத்தைக் காட்டித்தர வேண்டியதில்லை. மணலில் தாழப் படர்ந்த கிளைகளில் மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள் தொங்கும். கீழே விழுந்து புளித்தவற்றின் மணமே மரம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும். பழத்துக்கு வெளியே கொட்டை உள்ள பழம் எது என்று விடுகதை போட்டால் இந்தப் பக்கத்துச் சிறுவர்கள் யோசிக்காமலே விடை சொல்வார்கள். விடை சரி, கேள்விதான் பிழை. கஜுவில் கொட்டை பழத்துக்கு வெளியே இல்லை, கொட்டைதான் பழம். சாறு வழிய நாம் கடிப்பது வீங்கிப்போன பூக்காம்பு.

இதை விளங்கிக்கொள்ள முதலில் ஒரு மாங்காயை வெட்ட வேண்டும். மாவும் கஜு என்கிற மரமுந்திரிகையும் அனக்கார்டியேசியே என்னும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 800-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம் அது. இவை இரண்டின் பூக்களிலும் சூலகத்தில் ஓர் அறை, அந்த அறையில் ஒரேயொரு சூல்வித்து. கருக்கட்டியதும் சூல்வித்து வித்தாகும், சூலகச் சுவர் பழமாகும். அந்தச் சுவர் மூன்று படைகளாகத் தடிக்கும். மாங்காயில் வெளிப்படை தோல், நடுப்படை சதை, உட்படை தும்பு ஒட்டிய வைரமான ஓடு. ஆக, சூப்பிவிட்டு எறியும் மாங்கொட்டை முழுவதும் வித்து அன்று. அதன் ஓடு பழத்தின் உட்சுவர். ஓட்டைப் பிளந்தால் உள்ளே கிடக்கும் பருப்பு மட்டுமே வித்து.

பச்சைக் கஜுக் கொட்டை ஒன்றைக் குறுக்கே வெட்டினாலும் அதே மூன்று படைகள் அதே வரிசையில் இருக்கின்றன. வெளியே வழவழப்பான தோல், உள்ளே பருப்பைச் சுற்றி மெல்லிய கடினமான ஓடு. வித்தியாசம் நடுப்படையில். மாவில் சாறு நிறைந்து இனிக்கும் அந்த இடம், கஜுவில் தேனடை போல அறை அறையாகப் பிரிந்து, ஒவ்வோர் அறையிலும் கபில நிற எண்ணெயைத் தேக்கி வைத்திருக்கிறது. ஓட்டின் எடையில் ஏறத்தாழக் காற்பங்கு இந்த எண்ணெய்தான். மா தன் நடுப்படையை விருந்தாக்கியது. கஜு அதே படையை ஆயுதமாக்கிவிட்டது.

எண்ணெயின் பெரும்பகுதி அனக்கார்டிக் அமிலம், அடுத்தது கார்டோல். இரண்டின் மூலக்கூறுகளிலும் ஒரு வளையமும் அதில் 15 காபன் அணுக்கள் கொண்ட நீண்ட வாலும் உண்டு. வால் கொழுப்பில் கரையும் தன்மை உடையதால் தோலின் கொழுப்புப் படலத்தை எளிதில் ஊடுருவிவிடும். பட்ட இடம் எரிந்து கொப்பளிப்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்தப் பொருள்கள் தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, உடலின் நோயெதிர்ப்புக் கலங்கள் அவற்றை அந்நியமாகக் கருதித் தாக்குகின்றன. ஒருமுறை பழக்கப்பட்ட உடலில் அந்தச் சொறி ஓரிரு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ தேங்காயெண்ணெயோ பூசிக்கொள்வது இதற்காகத்தான். மாங்காயின் காம்பை முறிக்கும்போது சீறும் பால் உதட்டில் பட்டுப் புண்ணாவதும் இதே வகைப் பொருள்களால்தான். யப்பானில் மரப் பாத்திரங்களுக்கு மெருகு பூசப் பால் எடுக்கும் மரமும் இக்குடும்பமே. அந்தப் பாலும் தோலைப் புண்ணாக்கும். சதையில் இனிக்கும் மாவும் குடும்பக் குணத்தைக் காம்புப் பாலில் ஒளித்தே வைத்திருக்கிறது.

வீடுகளில் பழைய தகரத்தில் கொட்டைகளைப் போட்டு வறுக்கும்போது எண்ணெய் கசிந்து குபீரென்று தீப்பிடிக்கும். மணல் போட்டு அணைப்பார்கள். புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். காற்று வரும் பக்கம் நிற்பவர்தான் தப்புவார். சூட்டில் அனக்கார்டிக் அமிலம் காபனீரொட்சைட்டை வெளியேற்றிவிட்டுக் கார்டனோல் ஆகிறது. அதன் கடுமை குறைவு. தொழிற்சாலைகள் இதைத்தான் தேடுகின்றன: வாகன பிரேக்குகளில் உராயும் பகுதிகளிலும் சில வகைப் பூச்சுகளிலும் அது சேர்கிறது. நெருப்பில்லாமல் இந்த ஓட்டை வென்றவை பிரேசிலின் கபுச்சின் குரங்குகள். செரா டா கபிவாரா தேசியப் பூங்காவில் அவை கல்லால் கஜுக் கொட்டை உடைக்கின்றன. அங்கே தோண்டி எடுத்த கற்கள், குரங்குகள் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளாகக் கல்லைக் கருவியாக்கி வருவதைக் காட்டின.

ஆயுதம் தரித்துவிட்டால் யார் சுமந்து போய்ப் பரப்புவது? மரம் நகராது, வித்து தாய்மரத்தின் நிழலிலேயே விழுந்தால் முளைத்தும் பயன் குறைவு. அதனால் விருந்து வைக்கும் வேலையைக் கஜு காம்பிடம் ஒப்படைத்தது. இதில் என்னை மிகவும் கவர்வது கால ஒழுங்கு. முதலில் கொட்டை மட்டும் முழு அளவுக்கு வளர்கிறது. அதுவரை காம்பு மெலிந்தே தொங்கும். கொட்டை முற்றி, ஓடு இறுகி, சற்றுச் சுருங்கத் தொடங்கியபின்தான் காம்பு மளமளவென்று ஊதி, நிறம் ஏறி, மணக்கிறது. வித்து தயாராகும்வரை கூலிக்கு ஒரு சதமும் செலவழிப்பதில்லை. கூலியாள் பெரும்பாலும் வௌவால்தான். இரவில் பழத்தைக் கொட்டையோடு பறித்து, வேறொரு மரத்துக்குப் பறந்து, சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையையும் கொட்டையையும் கீழே போட்டுவிடும். வித்துக்குக் கீறல்கூட விழாது. பழத்தில் வைட்டமின் சி தோடம்பழத்தைவிடப் பல மடங்கு. தொண்டையைப் பிடிக்கும் கரகரப்பு தனின் என்னும் பொருளால் வருவது. உமிழ்நீரின் புரதங்களை அது கட்டிவிடுவதால் வாய் வரண்டதுபோல் இருக்கும். உப்புத் தொட்டுச் சாப்பிடுகிறவர்கள் அதைச் சமாளித்துவிடுவார்கள். சட்டையில் விழுந்த கறைக்குத்தான் வழியில்லை.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து ஆசியாவுக்குக் கொண்டுவந்த மரம் இது. ஆனால் இந்த ஏற்பாடு மிகப் பழையது. ஜெர்மனியின் மெஸ்ஸல் குழியில் கிடைத்த, ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டு பழைமையான கஜுப் புதைபடிவத்திலேயே தடித்த காம்பு இருக்கிறது. மாறாக, இன்றும் அமேசனில் வெள்ளம் ஏறும் காடுகளில் வளரும் ஒரு கஜு இனத்துக்குச் சதைக் காம்பே கிடையாது. தண்ணீர் கொட்டையை இலவசமாக ஏற்றிப்போகும் இடத்தில் விருந்துச் செலவு வீண் அல்லவா!

இந்த உறவினர் வட்டத்தில் ஆளுக்கொரு கணக்கு. சித்த மருந்துக் கடைச் சேங்கொட்டையும் கஜுவைப் போலவே சதைக் காம்பின்மேல் உட்கார்ந்திருக்கும் கொட்டை. அதன் கறுப்புப் பாலால்தான் சலவைத் தொழிலாளர் துணிகளுக்கு அழியாத குறியிட்டார்கள். பிஸ்தாவில் வாய் பிளந்து நிற்பது பழத்தின் உட்படை. வெளித் தோலையும் சதையையும் உரித்த பிறகே அது கடைக்கு வருகிறது. வேலியில் நட்ட ஒதியமரம் ஆடம்பரம் இல்லாமல் சிறு பழங்களைக் குலைகுலையாகக் காய்த்துப் பறவைகளுக்கு விடுகிறது. அம்பரெல்லாவோ வேறு கிளை: சூலகத்தில் பல அறைகள், ஒரு கொட்டைக்குள் ஐந்து வித்துகள்வரை. கஜுவின் உள்ளோட்டில் கலங்கள் ஒழுங்கான அடுக்குகளாக நிற்க, அம்பரெல்லாவின் ஓட்டில் அவை கண்டபடி முறுக்கிக் கிடக்கின்றன. ஓட்டிலிருந்து கிளம்பிச் சதைக்குள் நீளும் முட்களைப் பற்றி, அவசரப்பட்டுக் கடித்தவர்களிடம் கேளுங்கள்.

ஓட்டுக்குள் இருக்கும் வித்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாவிலும் கஜுவிலும் உணவுச் சேமிப்பெல்லாம் இரண்டு தடித்த வித்திலைகளில்தான். வறுத்த கஜுவை இரண்டாகப் பிளந்தால் கையில் வருபவை அந்த இரண்டு வித்திலைகள். நுனியில் ஒட்டியிருக்கும் சிறு முளைதான் வருங்கால மரம். கஜுப் பருப்பின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு. மா வித்து உலர்ந்தால் செத்துவிடும்; பழம் தின்ற கையோடு ஊன்றினால்தான் உண்டு. சில மா வகைகளில் ஒரே கொட்டையிலிருந்து பல நாற்றுகள் கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை கருக்கட்டாமல் தாயின் திசுவிலிருந்தே உருவானவை என்பதால் குணம் அப்படியே தாயைப் போல இருக்கும். கஜு உலர்ந்தும் மாதக்கணக்கில் தாங்கும். சித்திரையில் விழும் கொட்டை ஐப்பசி, கார்த்திகை மாரிமழை வரை காத்திருக்க வேண்டிய கிழக்குக் கரையில் அது சின்ன வசதி அல்ல.

நடுகிறவர்கள் கொட்டைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றைக் கழித்து, மூழ்கியவற்றைக் காம்புப் பக்கம் மேலே இருக்கும்படி ஊன்றுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். மா தன் வித்திலைகளை மண்ணுக்குள் ஓட்டிலேயே வைத்துக்கொண்டு தண்டை மட்டும் அனுப்பும். கஜு அவற்றை வெளியே தூக்கி வெயிலில் விரிக்கும். அதுவரை காவல் காத்த எண்ணெய் ஓடு அப்போது கழன்றுவிடுகிறது. கொழுப்பு நிறைந்த இரண்டு பருப்புகள் திறந்த வெளியில் நிற்கின்றன. அணிலும் எலியும் இதை நன்றாக அறியும். நாற்றுப் பைகளுக்கு வலை போடுவதாக இருந்தால், முளை தெரிவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.