கேற் ஒட்ட எத்தனை அம்பியர் வேண்டும்?

யாழ்ப்பாணத்து வளவில் சின்ன வெல்டிங் பட்டறை (மின்னால் இரும்பு உருக்கி ஒட்டும் இடம்) வைப்பவருக்கு வரும் வேலைகள் பெரும்பாலும் தெரிந்தவைதான்: முன் கேற், கிணற்றுக்கு வலை மூடி, தண்ணீர்த் தாங்கிக்கு நிலை, கோழிக்கூடு, சைக்கிள் கரியர், லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு மெசின்) பெட்டியின் உடைந்த மூலை. கடைசி ஒன்றை விட்டால் மற்றதெல்லாம் 1.2 முதல் 3 மி.மீ. வரை தடிப்பான பொக்ஸ்பார், ஆங்கிள், பட்டை இரும்பு. இவற்றுக்கு 45 முதல் 100 அம்பியர் வரை போதும். ஆனால் கடைக்குப் போனால் கண் போவது 250, 300 என்று பெரிதாக அச்சிட்ட பெட்டிக்கு. அந்த இலக்கம் பல மெசின்களில் மொடலின் பெயர், அம்பியர் அல்ல. உண்மையிலேயே அவ்வளவு அம்பியர் அதற்குள் இருந்தாலும் வீட்டு வயர் அதைக் கொடுக்காது.

கணக்குப் பார்த்தால் விளங்கும். ரொட் என்பது உருகி ஒட்டாகும் பூச்சுக் கம்பி. அதன் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்வில்லின் வோல்ற்றளவு, அம்பியரை 0.04 ஆல் பெருக்கி 20 ஐக் கூட்டினால் வருவது. 80 அம்பியரில் அது 23.2 வோல்ற்று, அதாவது சுமார் 1.9 கிலோவாற்று. மெசின் வெப்பமாக வீணாக்குவது ஏறத்தாழ 15 சதவீதம் என்று வைத்தால் சுவரிலிருந்து எடுப்பது 2.2 கிலோவாற்று. சிறிய இன்வேர்ட்டர் மெசின்கள் மின்னை ஒரே சீராக எடுப்பதில்லை. ஒவ்வொரு அலையின் உச்சியிலும் மட்டும் கடித்து எடுக்கும். வலுக்காரணி, அதாவது இழுக்கும் மின்னில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு, 0.7 அளவில் நிற்கும். ஆகவே 230 வோல்ற்றில் 13 முதல் 14 அம்பியர் ஓடும். சதுர முளை 13 அம்பியர் பிளக்கின் எல்லை அதுதான். இதே கணக்கில் 100 அம்பியருக்குச் சுவரில் 17 அல்லது 18 அம்பியர், 160 அம்பியருக்கு 31. சாதாரண சிங்கிள் பேஸ் வீட்டு இணைப்பே 30 அம்பியர்தான். கிணற்று மோட்டரும் பிரிட்ஜும் ஓடும் வீட்டில் 160 அம்பியர் என்பது பெட்டியில் மட்டும் இருக்கும் எண்.

ஆகவே காசை மெசினின் பெரிய எண்ணில் போடாமல் லைனில் போடுவது நல்லது. மெயின் போர்ட்டிலிருந்து 4 சதுர மி.மீ. செப்பு வயரில் தனி லைன், 20 அம்பியர் பிரேக்கர், எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தல், மின் கசிந்தால் தானாக அறுக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச். இதற்கு மேல் உண்மையான 120 முதல் 140 அம்பியர் தரும் மெசின் ஒன்று வீட்டுப் பட்டறைக்குத் தாராளம்.

மெசின் வாங்கும்போது பார்க்க வேண்டியது முன்பக்க ஸ்டிக்கர் அல்ல, பின்னாலோ அடியிலோ ஒட்டிய தகடு. அதில் எக்ஸ் (X) என்ற எழுத்துக்கு நேரே ஒரு சதவீதம் இருக்கும். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் விடாமல் ஒட்டலாம் என்பது அதன் பொருள். 160 அம்பியரில் 30 சதவீதம் என்றால் மூன்று நிமிடம் ஒட்டி ஏழு நிமிடம் ஆறவிட வேண்டும். உள்ளே பிறக்கும் சூடு கிட்டத்தட்ட அம்பியரின் வர்க்கத்தோடு ஏறுவதால், அதே மெசின் 87 அம்பியரில் நிறுத்தாமல் ஓடும். அந்தச் சதவீதத்தை 40 பாகை செல்சியஸ் சூழலில் அளந்திருக்க வேண்டும். தகரக் கொட்டிலுக்குள் சித்திரை மாத மத்தியானம் அந்த 40 ஐத் தாண்டலாம் என்பதால் கொஞ்சம் கழித்துப் பார்ப்பது நல்லது. எக்ஸ் என்ற எழுத்தே இல்லாத தகடு ஒட்டிய மெசினை வாங்காமல் திரும்பி வரலாம்.

பழைய பிளான்ற் (சுருள் மட்டும் உள்ள பழைய வகை ஒட்டும் மெசின்) 25 கிலோ அளவில் பாரம், இன்வேர்ட்டர் 5 கிலோ. இரண்டுக்குள்ளும் ட்ரான்ஸ்போமர் உண்டு. வித்தியாசம் அது இறைக்கும் வேகத்தில்தான். துலாவில் மெல்ல இறைப்பவருக்குப் பெரிய பட்டை வேண்டும். கை ஓயாமல் விரைந்து இறைப்பவருக்குச் சின்ன வாளியே போதும். ட்ரான்ஸ்போமரின் அகணி (சுருளுக்கு நடுவே உள்ள காந்தக் கட்டி) மின்னின் ஒவ்வொரு சுற்றிலும் காந்தத்தால் நிரம்பி வெறுமையாகிறது. செக்கனுக்கு 50 தடவை என்றால் அகணி பெரிதாக இருக்க வேண்டும். பல பத்தாயிரம் தடவை என்றால் உள்ளங்கை அளவு போதும். அதற்காகத்தான் இன்வேர்ட்டர் வீட்டு ஆடலோட்டத்தை முதலில் 325 வோல்ற்று அளவான நேரோட்டமாக்கிக் கொள்ளளவிகளில் தேக்கி, குறைகடத்தி ஆளிகளால் வேகமாக வெட்டி, சின்ன ட்ரான்ஸ்போமரில் இறக்கி, மறுபடி நேராக்கித் தருகிறது. கை நடுங்கி வில் நீண்டாலும் குறுகினாலும் அம்பியரை அசையாமல் பிடிப்பதும் இந்த வெட்டும் வேகத்தால்தான். பழகுபவருக்கு இது பெரிய உதவி. பழைய பிளான்ற்றின் நன்மை ஒன்று: உள்ளே சுருளைத் தவிர வேறில்லை, உப்புக்காற்றுக்குக் கெடும் போர்ட் இல்லை, எரிந்தால் சுற்றித் தர ஆள் கிடைக்கும். ஆனால் அதன் வலுக்காரணி இன்னும் மோசம், பிடித்திழுக்கும் அம்பியர் இன்னும் அதிகம்.

எக்ஸ்டென்ஷன் வயர் இரகசியமாக வேலையைக் கெடுக்கும். 1 சதுர மி.மீ. வயர் 20 மீற்றர் இழுத்தால், போக வர 40 மீற்றர், தடை 0.7 ஓம். அதில் 16 அம்பியர் ஓடினால் 11 வோல்ற்று வழியிலேயே போய்விடும், வயருக்குள் 180 வாற்று சூடு பிறக்கும். சுருட்டி வைத்த உருளையில் அந்தச் சூட்டுக்குப் போக்கிடமில்லை. உறை இளகி ஒட்டிக்கொள்ளும். 2.5 சதுர மி.மீ. வயரை முழுவதும் விரித்துப் போட்டால் இழப்பு நாலரை வோல்ற்றுத்தான். ஒழுங்கையின் கடைசி வீடென்றால் பின்னேரம் 6.30 இலிருந்து 10.30 வரையான உச்ச நேரத்தில் லைனே தாழும். ரொட் ஒட்டிக்கொள்கிறது என்று மெசினைத் திட்டுவதற்கு முன் அதே வேலையைக் காலையில் செய்து பார்க்கலாம்.

ரொட்டுக்கு வருவோம். 6013 என்று எழுதிய ரொட்தான் வீட்டு வேலைக்கு. முதல் இரண்டு இலக்கம் ஒட்டின் பலம் (சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல்), அடுத்த 1 எந்த நிலையிலும் ஒட்டலாம் என்பது, கடைசி 3 மேற்பூச்சு எவ்வகை என்பது. கம்பியைச் சுற்றிய அந்தப் பூச்சு எரிந்து புகையாகி, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து மறைக்கிறது. பிறகு கசடாக மேலே படிந்து மெல்ல ஆறவிடுகிறது. விட்டம் 2 மி.மீ. என்றால் 40 முதல் 60 அம்பியர், 2.5 என்றால் 60 முதல் 90, 3.2 என்றால் 90 முதல் 130. பழைய கேஜ் கணக்கில் கேட்பவர்களுக்கு 2.5 என்பது 12 ஐயும், 3.2 என்பது 10 ஐயும் ஒட்டியது. 1.2 மி.மீ. பொக்ஸ்பாரில் 2.5 ரொட்டைப் போட்டு ஓட்டை விழுத்துபவர்கள் அம்பியரைக் குறைத்துக்கொண்டே போவார்கள். 55 க்குக் கீழே ரொட் பற்றாமல் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். அங்கே வேண்டியது 2 மி.மீ. ரொட், 45 முதல் 50 அம்பியர், ரொட் பிடிக்கும் வயர் மெசினின் மைனஸ் முனையில். மைனஸில் ரொட் விரைவாக உருகும், வில் ஆழமாக இறங்காது. நீளமாக இழுக்காமல் 2 செ.மீ. ஒட்டி, நிறுத்தி, சிவப்பு மங்கியபின் அடுத்த துண்டு.

மாரியில் ரொட் ஈரம் பிடிக்கும். வில் வெடித்துத் தெறிக்கும், ஒட்டில் ஊசித்துளைகள் விழும், பூச்சு பொருபொருவென்று உதிரும். 6013 ஐ 100 பாகை அளவில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் மீளும். காற்றுப் புகாத தகரப் பேணியில் வைப்பதும், பழுதான பிரிட்ஜுக்குள் ஒரு இழை பல்ப்பை எரியவிட்டு அடுக்கி வைப்பதும் பலன் தரும். லான்ட்மாஸ்டர் பெட்டிபோல் பாரம் தாங்கும் இடத்துக்கு 7018 ரொட் தேவைப்படலாம். அதைக் காயவைக்க 350 பாகை வேண்டும். பல்ப் உதவாது, முத்திரை உடைக்காத பைக்கற் வாங்கி அன்றே முடிப்பதுதான் வழி.

கம்பி தானாக வரும் மிக் மெசினை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி: உங்கள் பட்டறைக்கு நாலு பக்கமும் சுவர் உண்டா? மிக்கில் உருகிய இரும்பைக் காப்பது சிலிண்டரிலிருந்து வரும் வாயு. மணிக்கு 8 கிலோமீற்றர் காற்றே அதைக் கலைக்கத் தொடங்கும். சோளகம் அடிக்கும் மாதங்களில் திறந்த கொட்டிலில் அது சரிவராது. வாயு இல்லாமல் ஓடும் பூச்சுள்ளடக்கிய கம்பி உண்டு. அது ரொட் போலவே காற்றைத் தாங்கும், கம்பிதான் விலை.

துருவுக்குப் பயந்து நாம் வாங்குவது நாகம் பூசிய ஜி.ஐ. பைப். இரும்பு உருக 1,500 பாகை வேண்டும், நாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த வெண்புகையைச் சுவாசித்தால் அன்றிரவு குளிர்காய்ச்சல், வாயில் உலோகச் சுவை. பால் குடித்தால் வராது என்பது வெறும் நம்பிக்கை. புகை போவது சுவாசப்பைக்கு, பால் போவது வயிற்றுக்கு. ஒட்டுமிடத்தின் இரு பக்கமும் 2 முதல் 3 செ.மீ. வரை பூச்சைத் தேய்த்து எடுத்து, காற்றுக்கு மேற்பக்கம் நின்று ஒட்டி, ஆறியபின் நாகம் அதிகமுள்ள பெயின்ற் பூச வேண்டும். இல்லாவிட்டால் பைப் நிற்கும், ஒட்டு மட்டும் இரண்டு மாரியில் தின்னப்பட்டுவிடும்.

மெசினுக்கு அடுத்துக் கிறைண்டர். 100 மி.மீ. கிறைண்டர் ஒன்றும் 1 மி.மீ. கட்டிங் டிஸ்க்குகளும் 6 மி.மீ. தேய்க்கும் டிஸ்க்கும் போதும். டிஸ்க்கின் விளிம்பு செக்கனுக்கு 80 மீற்றர் வரைதான் தாங்கும். மூடியைக் கழற்றிவிட்டு 180 மி.மீ. டிஸ்க்கைச் சின்னக் கிறைண்டரில் மாட்டினால், நிமிடத்துக்கு 11,000 சுற்றில் விளிம்பு வேகம் செக்கனுக்கு 104 மீற்றர். பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். டிஸ்க் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் திகதி இருக்கும். அதைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். கட்டிங் டிஸ்க்கின் பக்கத்தால் தேய்க்கவும் கூடாது.

கிளாம்ப்புக்கு ஆட்கள் காசு செலவழிப்பதில்லை. கேற் கோணுவதற்கு அதுவே காரணம். ஒரு மீற்றர் இரும்பு 100 பாகை சூடானால் 1.2 மி.மீ. நீளும். உருகிய ஒட்டு ஆறும்போது சுருங்கப் பார்க்கும், சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடாது. கடைசியில் இரண்டும் சேர்ந்து வளையும். நாலு எஃப் கிளாம்ப்பாவது வேண்டும். நாலு மூலையிலும் பொட்டு (பிடித்து வைக்கும் சின்ன ஒட்டு) மட்டும் வைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, 2 மி.மீ. க்குள் சமமாகத் தட்டிச் சரிசெய்தபின் ஒரு மூலை, அடுத்து அதன் எதிர் மூலை என்று ஒட்ட வேண்டும். காந்த மூலைமட்டத்தைப் பொட்டு வைத்ததும் கழற்றிவிட வேண்டும். நேரோட்ட வில்லை அந்தக் காந்தம் ஒரு பக்கம் தள்ளும். மெசினின் மற்ற வயரிலுள்ள எர்த் கிளிப்பைக் கடிக்க வேண்டியது ஒட்டும் துண்டிலேயே, தேய்த்த இடத்தில். லான்ட்மாஸ்டரில் அதைத் தூர எங்கோ கடித்தால் மின் பெயரிங் வழியே போய் உருளைகளைப் பொரித்துவிடும்.

முகமூடிக் கண்ணாடிக்கு 80 அம்பியர் வரை 10 ஆம் இலக்க இருட்டு, அதற்கு மேலே 11. பொட்டு வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். வில்லின் புறஊதாக்கதிர் வெள்ளைச் சுவரில் பட்டும் வரும், கண்ணில் மண் விழுந்தது போன்ற வலி ஆறு ஏழு மணி நேரம் கழித்து நித்திரையில்தான் எழுப்பும். தானாக இருளும் முகமூடி இந்தப் பழக்கத்தை மாற்றும். பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய சப்பாத்து. ஒட்டாமல் நிற்கும்போதே ரொட்டில் 60 முதல் 80 வோல்ற்று இருக்கும். வியர்த்து நனைந்த கையுறையோடு ஈர நிலத்தில் நிற்பவருக்கு அது சின்ன வோல்ற்று அல்ல. காலுக்கடியில் காய்ந்த பலகை ஒன்று போடுங்கள்.

கிறைண்டர் பொறி பறக்கும் பக்கம் மெசினை வைக்காதீர்கள். அதன் விசிறி இரும்புத்தூளை உள்ளே இழுத்து, உப்பு ஈரத்தோடு சேர்த்துப் போர்ட்டில் படியவிடும். ஒருநாள் ஆளிகள் குறுக்கே ஓடி வெடிக்கும். கடற்கரைப் பக்க வீடென்றால் மாதம் ஒரு தடவை பிளக்கைக் கழற்றி, கொள்ளளவியில் தேங்கிய 325 வோல்ற்று இறங்கப் பத்து நிமிடம் விட்டு, ஈரமில்லாத காற்றால் ஊதி, வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள்.