இருபத்தேழாவது லைசின்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களிடம் மெத்தியோனின் என்று சொன்னால் விளக்கம் தேவைப்படாது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்து அரைக்கும் தீவனத்தில் முதலில் பற்றாமல் போகிற அமினோ அமிலம் அதுதான். ஆகவே பொடியாக வாங்கிக் கலக்கிறார்கள். இறகு முளைக்க வேண்டும், முட்டை எடை கூட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. செல்லுக்குள் அதே மெத்தியோனினுக்கு வேறொரு வேலையும் உண்டு. எந்த மரபணு இயங்கலாம், எது அடங்கிக் கிடக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் அடையாளங்களுக்கு மூலப்பொருள் அதிலிருந்துதான் வருகிறது. கோழிக்கும் சரி, நமக்கும் சரி.

மனிதச் செல் ஒன்றில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. திருப்பூருக்கு வரும் நூல் கோனில் சுற்றி வருவதுபோல, டி.என்.ஏ.வும் ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றியிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருளை, அதன் மேல் டி.என்.ஏ.வின் 147 வேதி எழுத்து இணைகள், இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாக. 1884இல் ஜெர்மனியின் உயிர்வேதியியலாளர் ஆல்பிரெக்ட் கோசல் ஹிஸ்டோனை முதலில் பிரித்தெடுத்தது கூஸ் என்ற பெரிய வாத்தின் ரத்தத்திலிருந்து. பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு இருக்கும், நம்முடையதில் இருக்காது. மரபணு என்ற கருத்தே தெளிவாக உருவாகாத காலம் அது.

ஒவ்வொரு ஹிஸ்டோனிலிருந்தும் ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வாலில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஒன்றோ இரண்டோ மூன்றோ மெத்தில் தொகுதிகளை ஒட்டுகின்றன சில நொதிகள். மெத்தில் மிகச் சிறியது: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். மெத்தியோனினிலிருந்து செல் தயாரிக்கும் எஸ்-அடினோசில் மெத்தியோனின் என்ற மூலக்கூறு அதைக் கொண்டுவந்து கொடுக்கிறது.

ஒட்டியதால் என்ன மாறியது என்று கேட்டால், நேரடியாக அநேகமாக ஒன்றும் மாறவில்லை. லைசினின் நேர்மின்னூட்டம் அப்படியே இருக்கிறது, டி.என்.ஏ. தளர்வதுமில்லை, இறுகுவதுமில்லை. அந்தக் குறியைப் படிக்கத் தெரிந்த வேறு புரதங்கள் வந்து உட்கார்ந்த பிறகே காரியம் நடக்கிறது. எச்3 என்ற ஹிஸ்டோனின் வாலில் 4ஆவது இடத்தில் உள்ள லைசினில் மூன்று மெத்தில் இருந்தால், மரபணுவைப் படியெடுக்கும் கூட்டம் அங்கே வந்து சேரும். 9ஆவதில் இருந்தால் அந்தப் பகுதி நீண்ட காலத்துக்கு மூடப்படும். 27ஆவதில் இருந்தாலும் மரபணு அடங்கும். ஆனால் தேவைப்பட்டால் மறுபடி திறக்க வழி உண்டு. ஒரே மெத்தில், இடத்தைப் பொறுத்து நேரெதிர் விளைவு.

27ஆவது லைசினில் மெத்தில் ஒட்டும் முக்கிய நொதியின் பெயர் ஈ.இசட்.எச்.2. அது தனியாக வேலை செய்வதில்லை; ஒரு புரதக் குழுவுக்குள் இருக்கிறது. அந்தக் குழுவின் இன்னொரு உறுப்பினர், ஏற்கெனவே ஒட்டப்பட்ட மூன்று மெத்தில் குறியைப் பற்றிக்கொள்ளும். பற்றியதும் நொதி முடுக்கம் பெற்றுப் பக்கத்து ஹிஸ்டோனிலும் அதே குறியை ஒட்டும். செல் இரண்டாகும்போது பழைய ஹிஸ்டோன்கள் இரு மகள் செல்களுக்கும் பிரிந்து போகின்றன. அவற்றைப் பார்த்துப் புதியவற்றிலும் குறி நிரம்புகிறது. ஈரல் செல் பிரிந்தால் ஈரல் செல்லே பிறப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் அழகாகத் தெரிவது இதுதான்.

குறி ஒருமுறை விழுந்தால் அழியாது என்றுதான் பல காலம் நினைத்தார்கள். 2004இல் உயிரியலாளர் யாங் ஷியின் ஆய்வுக்குழு மெத்திலை நீக்கும் நொதி ஒன்றைக் கண்டுபிடித்தது.

புற்றுநோய்க்கு வருவோம். 2010இல் இரண்டு செய்திகள் வந்தன. நிணநீர்ப் புற்று சிலவற்றில் ஈ.இசட்.எச்.2 நொதியின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. இயல்பான நொதி முதல் மெத்திலைச் சுறுசுறுப்பாக ஒட்டும், மூன்றாவதற்குத் தயங்கும். மாறிய நொதிக்கு அந்தத் தயக்கம் இல்லை. செல்லில் இரண்டும் இருப்பதால் ஒன்று தொடங்கி வைக்க, மற்றது முடித்து வைக்கிறது. முதிர்ச்சி அடைய வேண்டிய பி செல் என்ற வெள்ளணுவின் மரபணுக்கள் அடங்கியே கிடக்க, அது பிரிந்துகொண்டே போகிறது. அதே ஆண்டு வந்த மற்றச் செய்தி, எலும்பு மஜ்ஜையில் தோன்றும் சில ரத்த நோய்களில் இதே நொதி செயலிழந்து கிடக்கிறது என்பது. கூடினாலும் புற்று, குறைந்தாலும் புற்று.

2012இல் வந்தது இன்னும் விசித்திரம். குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் கொடிய கட்டியில் நொதி நன்றாகவே இருந்தது. எச்3 ஹிஸ்டோனின் 27ஆவது லைசின்தான் மாறியிருந்தது. அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது மெத்தியோனின்! செல்லின் மொத்த எச்3-இல் சிறு பங்கே இப்படி மாறியிருந்தாலும், அது நொதியைத் தடுப்பதால் உட்கரு முழுக்க அந்தக் குறி சரிந்துவிடுகிறது.

அப்படியானால் மெத்தியோனின் உள்ள முட்டையைக் குறைத்தால் குறி குறையுமா? உடலின் எல்லாப் புரதங்களுக்கும் மெத்தியோனின் தேவை. புற்றைக் குறிவைத்து அதை வெட்ட உணவால் முடியாது. ஈரோட்டு மஞ்சள் புற்றைத் தீர்க்கும் என்றும் வாட்ஸ்அப்பில் நிறைய வருகிறது. ஆய்வகத் தட்டில் மஞ்சளில் உள்ள குர்குமின் பல நொதிகளைத் தடுப்பதாகத் தெரிவது உண்மை. அத்தனையையும் தடுப்பதாகத் தெரிவதால்தான் வேதியியலாளர்கள் அதைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். உண்டால் ரத்தத்தில் சேர்வதும் மிகக் குறைவு. குழம்புக்கு மஞ்சள் நல்லது. நிணநீர்ப் புற்றுக்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

ஈ.இசட்.எச்.2 நொதியைக் குறிவைத்துத் தடுக்கும் டாசெமெட்டோஸ்டாட் என்ற மாத்திரைக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதலில் சார்கோமா என்ற மென்திசுப் புற்றில் அரிதான ஒரு வகைக்கு, சில மாதங்களில் ஒரு வகை நிணநீர்ப் புற்றுக்கு. எஸ்-அடினோசில் மெத்தியோனின் உட்காரும் பள்ளத்தை மாத்திரை அடைத்துக்கொள்ள, நொதிக்கு மெத்தில் கிடைப்பதில்லை. அதன் குறிப்புத்தாளில், இம்மருந்தை எடுப்பவர்களில் சிலருக்கு வேறு வகை ரத்தப் புற்று வரக்கூடும் என்ற எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருந்தது. 2010இல் வந்த இரண்டாவது செய்தியைப் படித்தவர்களுக்கு அதில் வியப்பு இருந்திருக்காது.