அணியின் ஆன்-கால் அட்டவணையைப் பார்த்தீர்களா?

யோகா வகுப்பு, இலவசச் சிற்றுண்டி, மீட்டிங் இல்லாத வெள்ளிக்கிழமை எல்லாம் இருக்கட்டும். ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் குறிப்பிட்ட ஓர் அணியின் நிலைமை தெரிய வேண்டுமானால், சர்வீஸ் பழுதானால் இரவிலும் எழுந்து சரிசெய்யும் பொறுப்பு எந்த வாரம் யாருக்கு என்று சொல்லும் அதன் ஆன்-கால் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கணக்கு எளிது. வாரத்துக்கு ஒருவர் பிரைமரி (முதலில் அழைக்கப்படுபவர்), இன்னொருவர் செகண்டரி (அவருக்குத் துணை). 8 பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 8 வாரத்தில் 2 வாரம், அதாவது 25 சதவீதம். கூகுளில் சர்வீஸ்கள் விழாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்ஆர்இ அணிகள் உச்சவரம்பாக வெளியில் சொன்னதும் இதே 25 சதவீதம்தான். ஒரே இடத்திலிருந்து இயங்கும் அணிக்குக் குறைந்தது 8 பேர் வேண்டும் என்பது அதிலிருந்து வந்த எண். 4 பேர் மட்டும் என்றால் வாரம் விட்டு வாரம் போன் தலைமாட்டில் இருக்கும். அவர்களில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனால் மற்ற மூவருக்கும் மூன்று வாரத்தில் இரண்டு போய்விடும். இவர்களுக்கு நேர மேலாண்மைப் பயிற்சி நடத்துவது வேடிக்கை. ஆள் போதவில்லை, அவ்வளவுதான்.

ஆள் இருந்தும் தூக்கம் கெடுகிறதா? தானியங்கி எச்சரிக்கைகளான அலர்ட்டுகளைப் பாருங்கள். சிபியு 80 சதவீதத்தைத் தாண்டினால் பேஜ் (போனுக்கு வரும் அவசர அழைப்பு) அடிக்கும்படி யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நள்ளிரவில் பேக்கப் ஓடும்போது சிபியு ஏறும், சற்று நேரத்தில் தானே இறங்கும். பயனருக்கு ஒரு பாதிப்பும் இல்லை, எழுந்தவருக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். இதுவே சில வாரம் தொடர்ந்தால், படிக்காமலே அக்னாலெட்ஜ் (‘பார்த்துவிட்டேன்’ பொத்தான்) அழுத்தக் கை பழகிவிடும். டேட்டாபேஸ் நிஜமாகவே விழும் இரவிலும் அழுத்தப்போவது அதே கை.

கடந்த 30 நாளின் பேஜ்களை ஒரு ஷீட்டில் இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த நேரத்தில் எழுந்தவர் உண்மையில் ஏதாவது செய்தாரா என்று குறியுங்கள். தானாகச் சரியானவற்றை நீக்குங்கள், அல்லது 10 நிமிடம் நீடித்தால் மட்டும் அடிக்கும்படி மாற்றுங்கள். காலைவரை பொறுக்கக்கூடியது, பகலில் பார்க்கும் டிக்கெட்டாகட்டும். ‘டிஸ்க் 90 சதவீதம்’ என்ற அலர்ட்டைவிட, ‘இதே வேகத்தில் 4 மணி நேரத்தில் நிரம்பிவிடும்’ என்பது பயனுள்ளது. ஏனென்றால் மாதக்கணக்கில் 90-லேயே நிற்கும் டிஸ்க்குகளும் உண்டு.

ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மூளை தெளிய 15 முதல் 30 நிமிடம்வரை ஆகலாம். பேஜை ஏற்கப் பல அணிகள் தரும் அவகாசமோ 5 நிமிடம். ‘சர்வீஸின் நிலையை ஆராயவும்’ என்று எழுதியிருக்கும் ரன்புக் (பழுது நேரக் கையேடு) அந்த நேரத்தில் எதற்கும் உதவாது. எந்த டாஷ்போர்டைத் திறப்பது, எந்தக் கமாண்டை அப்படியே ஒட்டுவது, என்ன தெரிந்தால் ரோல்பேக் செய்வது (முந்தைய பதிப்புக்குத் திரும்புவது), தயங்காமல் யாரை எழுப்புவது என்பதுவரை அதில் இருக்க வேண்டும்.

மறுநாள் ஓய்வு அடுத்த சிக்கல். ‘தேவைப்பட்டால் தாமதமாக வரலாம்’ என்று சொன்னால் யாரும் அதைக் கேட்டு வாங்க மாட்டார்கள். இரவில் எழுப்பப்பட்டவரின் காலைக் கூட்டங்கள் தாமாகவே ரத்தாக வேண்டும். இரவு வேலை பெரும்பாலும் டைம்ஷீட்டில் ஏறுவதில்லை என்பதால், 45 மணி நேரம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் 55-ஐத் தாண்டியிருப்பது அவருக்கே தெரியாது. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐஎல்ஓவும் (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 2021-ல் கணித்தன.

பொறுப்பு கைமாறுவதை வாரத்தின் நடுவில், அலுவல் நேரத்தில், அரை மணி பேசி முடியுங்கள். வெள்ளி மாலை மாற்றினால், தற்காலிகமாக மியூட் செய்த அலர்ட்டைப் பற்றிச் சொல்ல மறப்பார்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அப்ரைசல் கெடுக்கலாம். விடிய விடிய விழித்துச் சர்வீஸை மீட்டவருக்குப் பாராட்டு மின்னஞ்சல் போகிறது. அது விழாதபடி மூன்று மாதம் முன்பே பழைய ரீட்ரை லாஜிக்கை (தோற்ற கோரிக்கையை மீண்டும் முயலும் நிரல்) திருத்தியவர் பெயர் எங்கும் வராது. அடுத்த ஆண்டு திருத்தும் வேலைக்கு யார் முன்வருவார்? நீக்கிய அலர்ட்டுகளும் குறைந்த இரவுப் பேஜ்களும் அப்ரைசல் படிவத்தில் எண்ணாகப் பதிய வேண்டும்.

புதிதாகச் சேருபவர்கள் நேர்காணலின் மேனேஜர் சுற்றிலேயே கேட்கலாம், தவறில்லை: ஆன்-கால் அட்டவணையில் எத்தனை பேர், போன மாதம் இரவில் எத்தனை பேஜ், மறுநாள் எத்தனை மணிக்கு வர வேண்டும்.