குடல் ஆபரேஷனுக்கு அப்புறம் 'கரண்ட் வைப்பது' எதற்கு?

குமுளி, கம்பமெட்டு பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் குடும்பங்களிடம் வலியைக் குறைக்கத் தோல் வழியாக லேசாகக் கரண்ட் கொடுக்கும் டென்ஸ் (TENS) மெஷின் என்று சொன்னதும் முதலில் வரும் கேள்வி, "ஷாக் அடிக்காதா சார்?" அடிக்காது. பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி அது, ஒட்டிய இடத்தில் விறுவிறுவென்று இருக்கும், அவ்வளவுதான். அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி கொஞ்சம் அடங்குமே, அதற்கான விளக்கத்தை 1965-இல் மெல்சாக் (Melzack), வால் (Wall) என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னார்கள்: தொடு உணர்வு தண்டுவடத்துக்குள் நுழையும்போது வலிச் செய்தி மேலே போவது மட்டுப்படுகிறது. டென்ஸ் அதைத்தான் பயன்படுத்துகிறது.

வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்ததும் குடல் அசைவு நின்றுபோகும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் வேலையைத் தொடங்கிவிடும், பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும், அதனால்தான் டாக்டர் ரவுண்ட்ஸில் "கேஸ் போச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மார்ஃபின், டிரமடால் மாதிரி மருந்துகள் வலியைக் குறைக்கும், ஆனால் குடலையும் மந்தமாக்கும். டென்ஸ் உதவியால் அந்த டோஸைக் கொஞ்சம் குறைக்க முடிந்தால் லாபம்தான். அதைவிட முக்கியம், வலிக்குப் பயந்து இருமாமல் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். அதனால் சும்மா படுத்திருக்கும்போது அல்ல, நடக்கும்போதும் இருமும்போதும்தான் மெஷினை ஓடவிடச் சொல்வேன். லேசாக வைத்தால் பலன் கிடைக்காது, தாங்கும் அளவுக்கு நன்றாகவே உணரவேண்டும். சரி, மாத்திரையை நிறுத்திவிடலாமா? கூடாது, இது மருந்துக்குத் துணை மட்டுமே.

ஆன்லைனில் வாங்கி நீங்களாகவே ஒட்டிக்கொள்ளாதீர்கள், ரொம்பக் கெஞ்சிக் கேட்கிறேன். பேட் தையல் மேல் வரக்கூடாது, ஸ்டோமா பைக்கு (வயிற்றில் போட்ட துளை வழியே மலம் சேரும் பை) ஒட்டினாற்போலவும் கூடாது, காயத்துக்கு இருபுறமும் நல்ல தோலில்தான் ஒட்டவேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் வேண்டவே வேண்டாம். அந்த இடம் மரத்திருந்தாலும் கூடாது, சுடுவதே தெரியாது. புற்றுநோய்க்காக ஆபரேஷன் ஆனவர்கள் சர்ஜனைக் கேட்காமல் தொடவே கூடாது.

முழங்காலுக்குக் கீழே அக்குபங்சர் புள்ளியில் மின்தூண்டல் கொடுத்தால் குடல் சீக்கிரம் அசையும் என்று சீனாவிலிருந்து ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் சின்ன ஆய்வுகள், அதனால் அதை நம்பிக்கொண்டு, எழுந்து நடப்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன்.

வலி குறைந்ததும் ஜீப்பில் ஏறி வேலைக்குக் கிளம்பிவிடாதீர்கள், உள்தையல் ஆற வாரக்கணக்காகும், ஏலக்காய் மூட்டை தூக்குவதெல்லாம் சர்ஜன் சொன்ன பிறகுதான். வயிறு உப்பிக்கொண்டே போனாலோ, வாந்தி, காய்ச்சல் வந்தாலோ, கேஸே போகாவிட்டாலோ மெஷினைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரியானாலும் சரி.